சம்பங்கி வேருக்குச் சாறு

வாங்க அம்மிணி, இப்படி நிழலுக்கு வாங்க. கட்டில்ல வேண்டாம், கயிறு தொய்ஞ்சு போச்சு. அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கங்க. தண்ணி குடிக்கறீங்களா? சரி, அப்புறமா குடிங்க.

சாறு எடுக்கறது எப்படின்னு கேக்கத்தான வந்திருக்கீங்க. சொல்றேனுங்க. வேளாண்மை ஆபீஸ்ல யாரு போய்க் கேட்டாலும் தெய்வானை தோட்டத்தைப் போய்ப் பாருங்கன்னு கைகாட்டி உட்டுடறாங்க. எனக்கும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆயிப்போச்சு. செண்டுமல்லிச் செடியை வேரோட புடுங்கிப் பொடிசா வெட்டி உரல்ல இடிக்கோணும். கூட நொச்சித் தழை கொஞ்சம், வேப்பங்கொட்டை கொஞ்சம். எல்லாத்தையும் பேரல்ல தண்ணி ஊத்தி ஊற வெச்சு, துணியில வடிகட்டி, வெயில் தாந்த பொறவு ஈர மண்ணுல வேரைச் சுத்தி ஊத்தோணும். அவ்வளவுதானுங்க. இதுல ரகசியம் ஒண்ணுமில்ல.

ஒரு ஆளாப் பண்ண முடியாது. அதையும் எழுதிக்கங்க. ஊறுனதை ஊத்த ஒருத்தர், துணியப் புடிக்க ஒருத்தர் வேணும். நாங்க ரெண்டு பேரு பண்ணுனோம். நானும் கோகிலாவும். எங்கூட்டுக்காரரோட தம்பி மூர்த்தி இருந்தாரில்லீங்களா, அவரு சம்சாரம். எனக்கு ஓரகத்தி. அந்தா, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு தெரியுது பாருங்க, அதுதான் அவ வீடு.

இப்ப நான் ஒருத்தியேதான் பண்றேன். துணியை மரக்கிளையில கட்டிப்போட்டு வடிக்கறேன். நேரமாகுது, ஆனா ஆகுது.

மாமனார் இருக்கறப்பவே தோட்டத்தை ரெண்டாப் பிரிச்சுட்டாருங்க. ரோட்டோரம் எங்களுக்கு, உள்ளார அவங்களுக்கு. நடுவுல ஒரு வரப்பு, அவ்வளவுதான். வேலியெல்லாம் அப்ப கிடையாது. அவங்க ரோட்டுக்குப் போகோணும்னா எங்க தோட்டத்து வழியாத்தான் வரோணும். இன்னொரு வழி இருக்குது, வாய்க்காலச் சுத்திக்கிட்டு, நல்ல தூரம். யாரு அதுல போவா? எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. கோகிலா மக தரணிகா எந்நேரமும் இங்கதான் கிடப்பா. பெரியம்மா, தலை சீவி உடுங்க. பெரியம்மா, முட்டை வேணும். ஸ்கூல் பஸ்சுக்கும் இந்த வழியாத்தான் ஓடுவா. எங்க வீட்டுக்காரருதான் ரோடு வரைக்கும் பையைத் தூக்கிட்டுப் போவாரு.

ரெண்டு வீட்டுக்காரங்களும் சம்பங்கி போடலாம்னு சேந்துதான் முடிவு பண்ணுனோம். சத்தியமங்கலத்துல பூ மார்க்கெட் இருக்குது, தினமும் கைமேல விலை. கிழங்கு நானே போய்ப் பாத்து வாங்குனதுங்க. பக்கத்தூர்ல ஒருத்தரு பழைய தோட்டத்தை அழிக்கறாருன்னு கேள்விப்பட்டு, ஆளுக்கு முந்தி போயிட்டேன். திரட்சியான கிழங்கு. எனக்குப் பொருள் பாத்து வாங்கத் தெரியும். அதுல பாதியை எடுத்து கோகிலாவுக்குக் குடுத்தேன். நல்லதாப் பொறுக்கித்தான் குடுத்தேன், கழிசலைக் குடுக்கல.

முத வருசம் பூ நல்லா வந்துச்சு. ரெண்டாவது வருசந்தான். முதல்ல அவ பக்கந்தான் காட்டுச்சுங்க, அதை மறந்துராதீங்க. அவ தோட்டத்துலதான் செடி மஞ்சளாச்சு. தண்ணி பாஞ்சு மண்ணு ஈரமாத்தான் இருக்கும், உச்சி வெயில்ல பாத்தா செடி தொங்கிக் கிடக்கும். சாயங்காலம் நிமிரும். மறுநாள் மறுபடியும் தொங்கும். பூத்தண்டு முழம் வர்றது சாண் ஆயிப்போச்சு. மூர்த்தி தண்ணி பத்தலையோன்னு இன்னும் பாச்சுனாரு, உரம் பத்தலையோன்னு உரம் போட்டாரு. ஒண்ணுக்கும் கேக்கல. கோகிலா ஒரு செடியைப் புடுங்கிட்டு வந்து என் முன்னால போட்டா.

"அக்கா, இந்த வேரைப் பாருங்க. பாசிமணி கோத்த மாதிரி இருக்குது."

வேர் முச்சூடும் முடிச்சு முடிச்சா இருந்துச்சுங்க. அப்புறம் என் தோட்டத்துல போய் ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன். அங்கயும் முடிச்சு. கொஞ்சந்தான், ஆனா இருந்துச்சு.

பூச்சிமருந்துக் கடையில குருணை மருந்து குடுத்தாங்க. மணல் மாதிரி இருக்கும், ஒரு வாடை அடிக்கும். அதை ரெண்டு தோட்டத்துலயும் போட்டோம். கொஞ்ச நாளு கேட்டுச்சு, அப்புறம் பழையபடி ஆயிப்போச்சு. அப்பத்தான் ஆபீஸ்ல தமயந்தி மேடம்னு ஒருத்தரு புதுசா வந்திருக்காங்க, வேரை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்கன்னாங்க. நானும் கோகிலாவும் பஸ் ஏறிப் போனோம். அவ வழி முழுக்க பேசிட்டே வந்தா. அவளுக்குப் பேச்சு நிக்காது. இவ என்னத்தைத்தான் பேசறாளோன்னு நான் ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தேன்.

மேடம் வேரைக் கழுவி ஒரு முடிச்சை அறுத்து, கண்ணாடித் தட்டுல தண்ணி உட்டு, பெரிசாத் தெரியற கருவியில வெச்சாங்க. "பாருங்கம்மா, இதுதான் நூற்புழு"ன்னாங்க. நான் பாத்தேன். வெள்ளையா, நூலு அறுந்து விழுந்த மாதிரி, நெளிஞ்சுட்டு இருந்துச்சு. கோகிலா பாத்துட்டு, "கண்ணுக்குத் தெரியாத இதுக்குத்தான் நாம இத்தனை பாடுபட்டமா"ன்னு சிரிச்சா. மேடம் ஒரு சொட்டு செண்டுமல்லிச் சாறு உட்டாங்க. கொஞ்ச நேரங்கழிச்சுப் பாக்கச் சொன்னாங்க. நெளியல. நேரா, குச்சி மாதிரி கிடந்துச்சு.

கோகிலா கேட்டா, "உசுரு போயிருச்சுங்களா மேடம்?"

"அசைவு நின்னிருக்கு. செத்துருச்சா, மரத்துக் கிடக்குதான்னு இப்பச் சொல்ல முடியாது. மறுபடி நல்ல தண்ணியில போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

கோகிலா போட்டுப் பாக்கச் சொல்லி நின்னா. நான்தான் பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கூட்டிட்டு வந்துட்டேன். கிளம்பறப்ப நான் மேடத்தைக் கேட்டேன், இது எப்படிங்க தோட்டத்துக்குள்ள வருதுன்னு. அவங்க சொன்னாங்க, பெரும்பாலும் நடற கிழங்குலயே வந்துரும், நோவு கண்ட பழைய தோட்டத்துக் கிழங்கை வாங்கி நட்டா கூடவே வரும், அப்புறம் பாயற தண்ணி, கொத்து, மம்பட்டி, கால்ல ஒட்டற மண்ணு, இதுலயெல்லாம் ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்னு.

கால்ல ஒட்டற மண்ணுன்னு சொன்னாங்க பாருங்க, அப்பவே எனக்குப் பிடிபட்டுருச்சு. அவ பக்கம் முதல்ல வந்துச்சு. அவங்க மூணு பேரும் தினமும் என் தோட்டத்து வழியா நடக்கறாங்க. கிழங்கு நல்ல கிழங்கு, நானே பாத்து வாங்குனது. அப்ப வேற எப்படி வந்திருக்கும்?

முதல் பேரல் சாறு ரெண்டு பேருந்தான் எடுத்தோம். அவ இடிச்சா, நான் வடிச்சேன். கை ரெண்டும் பச்சையாகி, கசந்து, சோத்துல கை வெச்சா சோறும் கசக்கும். தரணிகாவுக்கு ஊட்டி உடப் போனா, "பெரியம்மா கை கசக்குது"ன்னு மூஞ்சியத் திருப்பிக்குவா. அந்தப் பேரலை என் தோட்டத்துக்கு ஊத்துனேன். எனக்கு நோவு கொஞ்சமாத்தான் இருந்துச்சு, கொஞ்சமா இருக்கறப்பவே அடக்குனாத்தான் அடங்கும். அவளுது முத்திப்போச்சு. அடுத்த பேரல் உனக்குன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துனேன். சொல்லாம ஊத்தல.

அடுத்த பேரல் வர்றப்ப எனக்கு ரெண்டாவது தடவை ஊத்த வேண்டியதாப் போச்சு. நடுவுல உட்டா முதல்ல ஊத்துனது வீணுன்னு மேடமே சொல்லியிருக்காங்க. நொச்சித் தழையும் தட்டுப்பாடு. மூர்த்தி வந்து பாத்துட்டு நின்னாரு. தங்கமான மனுசன், அவரு சத்தமாப் பேசி நான் கேட்டதில்ல. "பரவால்ல அண்ணி, உங்க செடி நல்லா வரட்டும். நான் இந்தத் தடவையும் குருணையே போட்டுக்கறேன்"னாரு. அவராச் சொன்னதுதான். நான் சொல்லல.

செடி திரும்புச்சுங்க. இலை பச்சை கட்டுச்சு. புது வேர் வெள்ளையா உட்டுச்சு. அத்தனை பாடுபட்டு அடக்கியிருக்கறோம், மறுபடியும் கால்ல மண்ணை ஒட்டிட்டு வந்து உட்டா என்ன ஆகறது? அதனால வரப்போரமா ஒரு சிமெண்ட் தொட்டி கட்டித் தண்ணி நிரப்பி வெச்சேன். அந்தப் பக்கமிருந்து வர்றவங்க கால் கழுவிட்டு வரோணும். இது மேடம் சொன்ன முறைதானுங்க, நானா கண்டுபிடிக்கல. கோகிலா முதல்ல சிரிச்சா. "ஏனுங்கக்கா, கோயிலுக்குள்ள வர்ற மாதிரியல்ல இருக்குது"ன்னா. நான் சிரிக்கல. நீ இப்படி லேசா எடுத்துக்கறதுனாலதான் உன் செடி அப்படிக் கிடக்குதுன்னு சொன்னேன். அப்புறம் அவ சிரிக்கறதில்ல. கழுவுவா. விரலிடுக்குலதான் மண்ணு தங்கும், தேச்சுக் கழுவுன்னு சொல்லிக் குடுத்தேன். அப்படியே கழுவுவா. தரணிகாதான் அவசரத்துல மறந்துட்டு ஓடியாந்துருவா. ஒரு நா ஸ்கூலுக்குப் போறப்ப திருப்பி அனுப்புனேன், பஸ் போயிருச்சு. அன்னைலருந்து அவ வாய்க்காலச் சுத்தித்தான் போவா. குழந்தைதானே, ரெண்டு நாள்ல வந்துருவான்னு நினைச்சேன்.

வேலி அதுக்கப்புறம் போட்டதுங்க. ஆடு வருதுன்னு போட்டேன். தொட்டிகிட்ட மட்டும் ஆள் நுழையற சந்து உட்டேன். மூடல.

அந்த ஐப்பசியில ஒரு மழை பேஞ்சுது. மழை பேஞ்ச மறுநா குருணை போட்டா நல்லாப் புடிக்கும்னு மூர்த்தி காலைலருந்து போட்டுட்டு இருந்தாரு. கையில உறை இல்ல. வேலி வழியா நான் பாத்தேன். வெறுங்கையில அள்ளி அள்ளி வெச்சுட்டு இருந்தாரு. எல்லாரும் அப்படித்தான போடறாங்க.

உச்சி வெயிலு. நான் களை எடுத்துட்டு இருந்தேன். கோகிலா அந்தப் பக்கமிருந்து ஓடியாந்தா. சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருந்துச்சு. "அக்கா, வண்டி"ன்னா. எங்க வீட்டுல வேன் இருக்குதுங்க, பூ ஏத்தறது. வண்டின்னு சொன்னது எனக்குக் காதுல உழுந்துச்சு. எதுக்குன்னு அவ சொல்லல. சொல்லியிருந்தா நான் ஏன் நிறுத்தப் போறேன்? அவ சந்துக்குள்ள கால் வெக்கப் போனா. நான் சொன்னேன், "காலைக் கழுவிட்டு வா கோகிலா."

கத்தல. சாதாரணமாத்தான் சொன்னேன்.

அவ நின்னுட்டா. என்னையப் பாத்தா. அப்புறம் குனிஞ்சு கழுவுனா. ஒரு காலைக் கழுவிட்டு அடுத்த காலையும் கழுவுனா. விரலிடுக்கெல்லாம் தேச்சு, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. தண்ணி பூரா சேலையில. நிமிந்து நின்னுட்டுத்தான் சொன்னா.

"அக்கா, அவரு உழுந்துட்டாரு. வாயில நொரை வருது."

எங்கூட்டுக்காரரு வேனை எடுத்துட்டுப் போனாரு. நானும் ஏறுனேன். மூர்த்தி கோகிலா மடியிலதான் கிடந்தாரு. வழியில ஒண்ணுமே பேசல அவ. பெரியாஸ்பத்திரியில சேத்தோம். மறுநா காலையில போயிட்டாரு.

மருந்து ஏறிருச்சுன்னு சொன்னாங்க. நெஞ்சு வலியா இருக்கும்னும் ஒருத்தரு சொன்னாரு. ரெண்டு கால் கழுவற நேரத்துல என்னங்க ஆயிரப் போகுது? நான் டாக்டரையே கேட்டேன். ஐயா, கொஞ்சம் வெரசாக் கொண்டாந்திருந்தா வித்தியாசம் இருந்திருக்குமான்னு. அவரு, நீங்க யாருன்னு கேட்டாரு. அண்ணின்னு சொன்னேன். போய் அந்தம்மா பக்கத்துல உக்காருங்கன்னுட்டுப் போயிட்டாரு. இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. அப்படின்னா ஒண்ணுமில்லைன்னுதான அர்த்தம்?

கோகிலாவும் யார்கிட்டயும் சொல்லலீங்க. சாவு வீட்டுல அத்தனை பேரு வந்தாங்க, தொட்டியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் இந்த மாதிரி நடந்துச்சுன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். மறைக்க என்ன இருக்குது? அவரு கேட்டுக்கிட்டாரு.

எடுக்கறப்ப, தோட்டத்து வழியாப் போனா சுடுகாடு கிட்டன்னு பெரியவங்க சொன்னாங்க. எங்கூட்டுக்காரருதான் வேண்டாம்னுட்டாரு. "வாய்க்காலச் சுத்தியே போலாம். இவ தோட்டத்துல நம்ம கால் மண்ணு பட்டுரும்"னாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. நான் எதுவும் கேக்கல, அவராச் சொன்னதுதான். என் செடி மேல அவருக்கும் அக்கறை இருக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அழுகை வரலீங்க. எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. பேரல்ல சாறு ஊறிக் கிடந்துச்சு, உட்டா புளிச்சுரும்னு அதுதான் நெனப்பு. மறுநா காலையில வந்து வடிச்சு ஊத்திட்டுத்தான் மறுபடி அங்க போனேன். வேலை கிடக்குதில்லீங்களா.

அந்த வருசம் என் தோட்டத்துப் பூ மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல யாருக்கும் வரல. மேடம் வந்து வேரைப் புடுங்கிப் பாத்துட்டு ரொம்ப சந்தோசப்பட்டாங்க. ஒண்ணு ரெண்டு முடிச்சுதான். கூட்டத்துல என்னையப் பேசச் சொன்னாங்க. பேசுனேன். சால்வை போட்டாங்க. உள்ள பீரோவுல இருக்குது.

எங்கூட்டுக்காரரு இப்ப பகல்ல வீட்டுல இருக்கறதில்லீங்க. தம்பி வீட்டுல வேலை நெறைய இருக்குது, ஆம்பளை இல்லாத வீடு. காலைல போனா பொழுது சாய வருவாரு. மத்தியானச் சோறு அங்கதான். வாய்க்காலச் சுத்தித்தான் போவாரு. சந்து வழியாப் போனா ஒரு எட்டு வெக்கற தூரம். கால் கழுவ சங்கடமோ என்னமோ. என்கூடப் பேச்சு கொறைஞ்சு போச்சு. களைப்பா இருக்கும். வயசாகுதில்லீங்களா.

நான் ஒண்ணும் சும்மா இருந்துடலீங்க. கருமாதி முடிஞ்ச பொறவு முதல்ல எடுத்த சாறை அப்படியே குடத்துல ஊத்தி வேலியோரம் வெச்சேன். கோகிலா, இது உனக்குத்தான், எடுத்து ஊத்திக்கோன்னு சத்தமாச் சொன்னேன். அவ வாசல்ல அரிசி பொடைச்சுட்டு இருந்தா. தலை நிமிரல. மறுநா பாத்தேன், குடம் வெச்ச இடத்துலயே இருக்குது. நாலஞ்சு தடவை வெச்சுப் பாத்தேனுங்க. வாடை அடிச்சுக் கொசு மொய்க்க ஆரம்பிச்சுது. நானே கொட்டிட்டேன்.

இப்ப அவ தோட்டம் சும்மா கிடக்குது. சம்பங்கி பாதி செத்து, பாதி களையோட நிக்குது. தையல் மிசின் வெச்சுத் தெச்சுக் குடுக்கறாளாம். தோட்டத்துல காலே வெக்கறதில்லையாம். அதுதான் எனக்கு இருக்கற ஒரே குறை அம்மிணி. அந்தக் களை வேர்லயெல்லாம் புழு பெருகிட்டே இருக்கும். தண்ணியோட இந்தப் பக்கம் வந்துரும். நான் ஒருத்தி எத்தனை பேரல் ஊத்தறது? எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னா, "அது அவ இஷ்டம்"ங்கறாரு.

நீங்க ஒரு உதவி பண்ணோணும். போறப்ப அப்படியே வாய்க்காலச் சுத்தி அவ வீட்டுக்குப் போங்க. ஆபீஸ்லருந்து வந்திருக்கேன்னு சொல்லுங்க. சம்பங்கியை அழிச்சுட்டு ஒரு போகம் செண்டுமல்லி போடச் சொல்லுங்க, செடி நின்னாலே புழு அடங்கும், சாறு எடுக்கற பாடு கூட இல்ல. விதை இந்தாங்க, நான் காய வெச்சு எடுத்தது. நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். கடையில வாங்குனேன்னு சொல்லிருங்க.

உங்களுக்கு அவ காப்பித்தண்ணி போட்டுக் குடுப்பா. குடிச்சுட்டு வாங்க, நல்லாப் போடுவா.

அப்புறம், தரணிகா இருந்தான்னா எத்தனாவது படிக்கறன்னு கேளுங்க. ஒம்பதா பத்தான்னு எனக்குக் குழப்பமா இருக்குது, இந்த மனுசனும் சொல்ல மாட்டேங்கறாரு. இதுக்காக நீங்க திரும்ப இத்தனை தூரம் வரவேண்டாம். ரோட்டுல நின்னே சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன். எனக்குக் கேக்கும்.